எங்க பிக்கப்பும் நான் பார்க்காத கம்பியும்

இப்போ உங்க ஃபோனை எடுத்து ரீல்ஸைத் தள்ளினா நாலாவதோ அஞ்சாவதோ இதுவாத்தான் இருக்கும்: ஒரு பழைய பிக்கப், இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தின பாடி, டிராக்டருக்குப் போடுற மாதிரி டயர், பின்னாடி ஒரு மாஸ் பிஜிஎம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் ஆளுங்களா இருந்தா நிச்சயம் லைக் போட்டிருப்பீங்க. நானும் போட்டவன்தான். லைக்கோட நிறுத்தியிருந்தா இந்தக் கட்டுரை இல்லை.

எங்க வீட்டில் ஒரு பிக்கப் இருக்கு. 2008 மாடல். கம்பெனி பேர் வேண்டாம், ரோட்டோரம் அஞ்சு நிமிஷம் நின்னா ஒண்ணு கண்ணில் படும், அந்த ரகம். அப்பா அதை ரெண்டாவது கையா வாங்கி ஓட்டறார். எங்க ஊர் கொல்லிமலை அடிவாரம். காலையில் சிமென்ட், உரம், மளிகை மூட்டைன்னு மேலே ஏத்திட்டுப் போவார். திரும்பும்போது சோளக்காடு சந்தையிலிருந்து வாழைத்தார், அன்னாசி, சீசனில் பலாப்பழம். மலைக்கு ஏறுற ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு. அதாவது ஒரு டிரிப்புக்கு 140. எங்க வீட்டுச் சோறு அந்த 140 வளைவில்தான் வருது.

வண்டியோட புத்தகத்தில் ஏத்தலாம்னு போட்டிருக்கிற எடை ஒண்ணு. பலாப்பழ சீசனில் அப்பா ஏத்துற எடை ஒண்ணு. ரெண்டாவது எண்ணை இங்கே எழுதினா வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

ரெண்டாம் வருஷம் முடிஞ்சு லீவுக்குப் போனப்போ வண்டி முழு பாரத்தோட வீட்டு முன்னாடி நின்னுச்சு. பின்பக்கம் உட்கார்ந்துபோய், பட்டைக் கட்டு வளைவே இல்லாம நேர்கோடா இருந்துச்சு. பட்டைன்னா லீஃப் ஸ்பிரிங். சும்மா நிக்கும்போது வில்லு மாதிரி வளைஞ்சிருக்கணும், பாரம் ஏறினா நிமிரணும். இது நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் வளையப் பார்த்துச்சு. அப்பா சொன்ன இன்னொரு குறை: வளைவில் ஏத்தும்போது செகண்ட் கியர் இழுக்க மாட்டேங்குது, ஃபர்ஸ்ட் போட்டா என்ஜின் கத்துது.

அந்த செமஸ்டரில்தான் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எழுதி முடிச்சிருந்தேன். நல்ல மார்க். இந்த மாதிரி நேரத்தில் ஒரு ஆளுக்கு வர்ற தைரியம் இருக்கே, அதுக்குப் பக்கத்தில் நிக்கக் கூடாது.

ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். உங்களுக்கும் தெரிஞ்சதுதான். லீஃப் ஸ்பிரிங்கோட விறைப்பு பட்டைகளோட எண்ணிக்கைக்கு நேர் விகிதம், தடிமனோட மூணாம் படிக்கு நேர் விகிதம். எங்க வண்டியில் ஒரு பக்கத்துக்கு 8 மில்லிமீட்டரில் 6 பட்டை. அதோட 9 மில்லிமீட்டரில் ரெண்டு சேர்த்தா என்ன ஆகும்? எட்டோட கனம் 512, ஆறு பட்டைக்கு 3,072. ஒன்பதோட கனம் 729, ரெண்டு பட்டைக்கு 1,458. மொத்தம் 4,530. ஸ்பிரிங் 47 சதவீதம் கூடுதல் விறைப்பு. வெறும் ரெண்டே பட்டைக்கு! நோட்டில் விடைக்குக் கீழே ரெண்டு கோடு போட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

ஏத்தத்துக்கு மருந்து கிரௌன் பினியனில் இருந்துச்சு. டிஃப்ரன்ஷியல் ஹவுசிங்குக்குள்ள இருக்கிற ஜோடி. எங்களுதில் கிரௌன் 37 பல், பினியன் 9 பல், வகுத்தா 4.11. அதே ஹவுசிங்கில் உட்காருற 41க்கு 9 செட் ஒண்ணு பழைய சாமான் கடையில் கிடைச்சுது. 4.56. சக்கரத்துக்குப் போற திருப்புவிசை எல்லா கியரிலும் 11 சதவீதம் கூடும். பதிலுக்கு டாப் ஸ்பீடு குறையும், கொல்லிமலை ரோட்டில் யாருக்கு டாப் ஸ்பீடு?

அம்மாவோட சீட்டுப் பணம் வந்துச்சு. அப்பா ஒரு கேள்வி கூடக் கேட்கலை. அதுதான் எனக்கு இன்னிக்கும் உறுத்துது. சந்தையில் மத்த டிரைவர்கள் கேட்டப்போ, "என்ற பையன் கணக்குப் போட்டுச் செய்யுறான்"னு சொல்லியிருக்கார்.

கிரௌன் மாத்தற வேலையைச் சேந்தமங்கலத்தில் எங்க வழக்கமான மேஸ்திரிதான் செஞ்சார். அந்த வேலையைப் பக்கத்தில் நின்னு பார்க்காம மெக்கானிக்கல் டிகிரி வாங்கிடாதீங்க. கிரௌனும் பினியனும் ஜோடியா உரசித் தேய்ச்சுப் பழக்கினது, ஒண்ணை மட்டும் மாத்தினா ஊளையிடும், அதனால் ஜோடியாத்தான் மாத்தணும். பல்லில் சிவப்பு பேஸ்ட்டைத் தடவிட்டு, சக்கரத்தைக் கையால் சுத்தி, எந்த இடத்தில் பேஸ்ட் அழியுதுன்னு பார்க்கிறார். பல்லோட நுனிப்பக்கம் அழிஞ்சா ஷிம்மை மாத்து, அடிப்பக்கம் அழிஞ்சா வேற ஷிம், நடுவில் அழியற வரைக்கும். பிறகு டயல் கேஜ் வச்சு பல்லுக்கு நடுவில் எவ்வளவு ஆட்டம்னு பார்க்கிறார். ஒரு முழு நாள் இதுக்கே போச்சு. நான் லேபில் பத்து நிமிஷத்தில் ரீடிங் எழுதிட்டு வந்தவன்.

பட்டை விஷயம் சொன்னதும் மேஸ்திரி தலையை ஆட்டினார். "கட்டுக்குள்ள சேர்க்காத கண்ணு. ஹெல்பர் போடு போதும். நான் திருவிழா முடிஞ்சு வந்து பார்த்துத் தர்றேன்." ஹெல்பர்ங்கிறது கட்டுக்கு மேலே தனியா நிக்கிற பட்டை. சும்மா ஓடும்போது எதையும் தொடாது, பாரம் ஏறி பாடி இறங்கினாத்தான் வேலைக்கு வரும். நோட்டில் ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கிறவனுக்கு இது ரொம்பப் பழைய யோசனையாத் தெரிஞ்சுது. லீவும் முடியப் போகுது. நாமக்கல் பக்கம் போனா பட்டை அடிக்கிற பட்டறைக்கா பஞ்சம்? லாரி பாடி கட்டுற ஊர். ஒரு பட்டறையில் நான் சொன்னபடியே ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டிக் கொடுத்தாங்க. கூடவே என் சொந்த யோசனை ஒண்ணு: ஷேக்கிளை 5 சென்டிமீட்டர் நீளமாக்கினேன். எதுக்கு? கம்பீரமா இருக்கும்னுதான். ரீல்ஸ் பார்த்த புத்தி.

வண்டியோட பின்பக்கம் மொத்தமா 4 சென்டிமீட்டர் உயர்ந்துச்சு. பார்க்க சூப்பர். ஸ்டேட்டஸ் வச்சேன்.

முதல் வாரம் எல்லாமே வெற்றி. செகண்ட் கியரில் வளைவு ஏறுது. அப்பா சிரிச்சார். மைலேஜ் கூடக் கூடியிருக்குன்னு நான் கணக்குக் காட்டினேன். இந்த இடத்தில் சிரிச்சுக்கலாம்: எங்க வண்டியில் ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ் முடியுற இடத்திலிருந்து வருது. கிரௌனை மாத்தினதும் அதே தூரத்துக்கு ஷாஃப்ட் 11 சதவீதம் அதிகமாச் சுத்தும், மீட்டர் அதை நம்பி அதிக கிலோமீட்டர் காட்டும். உண்மையில் 12 கிடைச்சா கணக்கில் 13.3. டீசல் ஒரு சொட்டு மிச்சமாகலை. மீட்டரைத்தான் ஏமாத்தியிருந்தேன்.

காலி வண்டி குதிரையாயிடுச்சு. அம்மாவை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம். போய் வந்து, "இனிமே நான் பஸ்ஸுலயே வர்றேன் சாமி"ன்னு சொல்லிட்டாங்க.

அடுத்து ஒரு அதிர்வு. 50ஐத் தாண்டினா சீட்டுக்கு அடியில் தேனீக் கூடு மாதிரி ஒரு ரீங்காரம். இதுக்குக் காரணம் எனக்கு அப்போ தெரியலை, அடுத்த செமஸ்டரில் தியரி ஆஃப் மெஷின்ஸ் கிளாஸில் ஹூக்ஸ் ஜாயின்ட் வரைஞ்சப்போ பெஞ்சில் உட்கார்ந்தபடியே காது சூடாச்சு. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோட ரெண்டு முனையிலும் யூ.ஜே. கிராஸ் இருக்கு. ஷாஃப்ட் சாய்வா இருந்தா ஒரு ஜாயின்ட் வேகத்தை ஒரே சீராக் கடத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை கூட்டிக் குறைக்கும். மறுமுனை ஜாயின்டோட கோணமும் சமமா இருந்தா அந்த ஏற்ற இறக்கத்தை அது சரிக்கட்டிடும். நீள ஷேக்கிள் போட்டதில் பட்டைக் கட்டே சாய்ஞ்சு, அச்சு திரும்பி, பினியன் மூக்கு மேலே பார்க்க ஆரம்பிச்சுது. ரெண்டு கோணமும் இனிமே சமம் இல்லை. பரீட்சையில் 13 மார்க் கேள்வி. எங்க வண்டியில் அப்பாவோட இடுப்பு வலி.

ஆனா அதிர்வு தொந்தரவு மட்டும்தான். நான் சொல்ல வந்தது ஜூன் மாசம் நடந்தது.

பலாப்பழ லோடு. சாயங்காலம் சோளக்காட்டிலிருந்து இறங்குறோம். அப்பா ஓட்டறார், நான் பக்கத்தில். மழை இல்லை, கூட்டம் இல்லை, எல்லாம் வழக்கம்போலத்தான். பாதி மலை தாண்டியிருப்போம், ஒரு வாசனை. ரப்பர் கருகுற மாதிரி, ஆனா அது இல்லை. நான் கண்ணாடியை இறக்கினேன். அப்பா எதுவும் பேசலை. அவர் காலையே பார்த்துட்டு இருந்தேன். பெடல் வழக்கமா நிக்கிற இடத்தில் நிக்காம இன்னும் கீழே போகுது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. அதுக்கு அடுத்ததில் அவர் ஒரு தடவை மிதிச்சு, விட்டு, மறுபடி மிதிச்சார்.

"என்னப்பா?"

"கம்முனு உட்காரு."

செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு இழுத்தார். என்ஜின் அலறுச்சு. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கினார். இடதுபக்கம் முகப்பை மலைச்சரிவு மேல சாய்ச்சு, சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கி வண்டியை நிறுத்தினார். நான் குதிச்சு ஒரு கல்லை எடுத்து முன் சக்கரத்துக்குக் கீழே வச்சேன். கை நடுங்குனதில் கல் ரெண்டு தடவை நழுவுச்சு. நிமிர்ந்து பார்த்தா மஞ்சள் போர்டு: 31-ஆவது வளைவு. கீழே இன்னும் முப்பது.

எதிர்ப்பக்கம் தடுப்புச் சுவர். அதுக்கு அந்தப் பக்கம் மரங்களோட உச்சி தெரிஞ்சுது. மரத்தோட உச்சியை நேர்மட்டத்தில் பார்க்கிறது அழகான காட்சின்னு மலைக்கு டூர் வர்றவங்க சொல்லுவாங்க.

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போக முடியலை, அனல். பாட்டில் தண்ணியை ஊத்தப் போனேன், அப்பா கையைத் தட்டிவிட்டார். சூட்டில் இருக்கிற டிஸ்க்கில் தண்ணி பட்டா வளையும், விரிசல் விடும். அது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, எனக்கு அந்த நிமிஷத்தில் மறந்துபோச்சு. மேஸ்திரிக்கு ஃபோன் போட்டேன். முழுசாக் கேட்டுட்டு அவர் ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "பின்னாடி டிரம்மைத் தொட்டுப் பாரு."

பின்னாடி போய்ப் புறங்கையை வச்சேன். வெயிலில் நின்ன வண்டி எவ்வளவு சுடுமோ அவ்வளவுதான். நல்லதுதானேன்னு நினைச்சேன். "பின்னாடி சூடே இல்லைங்கண்ணா, அது நல்லா இருக்கு"ன்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நல்லா இல்ல கண்ணு. அது பிரேக்கே பிடிக்கல."

ரெண்டு மணி நேரம் ஆற வச்சோம். அப்புறம் ஃபர்ஸ்ட் கியரிலேயே, வளைவுக்கு வளைவு நிறுத்தி, ராத்திரி ஒன்பதுக்குக் காரவள்ளி வந்து சேர்ந்தோம். வழியில் அப்பா என்னைத் திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். பழம் மண்டிக்கு லேட்டாப் போய் விலை அடிபட்டதை மட்டும் பேசினார்.

மறுநாள் மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார். டார்ச்சை ஒரு இடத்தில் அடிச்சார். பின் அச்சிலிருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிசான கம்பி போகுது. முடியுற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வால்வு. "இதைப் பார்த்தியா நீ?"

பார்க்கலை. இருக்குன்னே தெரியாது. அதோட பேர் எல்.எஸ்.பி.வி. பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தத்தைப் பங்கு போடுற வால்வு.

இது ஏன் வேணும்னு யோசிங்க. பிரேக் போட்டா எடை முன்னாடி சாயும், பின்பக்கம் லேசாகும். காலி வண்டியில் பின் சக்கரத்துக்கு முழு அழுத்தம் போனா அது பூட்டிக்கிட்டு வழுக்கும், வால் சுத்தும். அதனால் வண்டி காலியா இருக்கும்போது இந்த வால்வு பின்னாடி போற அழுத்தத்தை மட்டுப்படுத்தி வைக்கும். பாரம் ஏறினா பின்னாடியும் நல்லாப் பிடிக்கணும், அப்போ திறந்துவிடும். பாரம் ஏறிடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? சென்சார் எல்லாம் கிடையாது. பாரம் ஏறினா சேசிஸ் இறங்கும், அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இடைவெளி குறையும், கம்பி வால்வை அழுத்தும். அவ்வளவுதான்.

இப்போ என் நோட்டுக் கணக்குக்கு வாங்க. பழைய பட்டையில் முழு பாரத்துக்கு வண்டி 9 சென்டிமீட்டர் இறங்கும். அந்த 9ஐப் பார்த்துத்தான் வால்வு திறக்கும். என் பட்டை 47 சதவீதம் விறைப்பு, அதனால் 6 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஏற்கெனவே 4 சென்டிமீட்டர் தூக்கி வச்சிருக்கேன். மிச்சம் 2. மலை நிறைய பலாப்பழம் ஏத்தினாலும் அந்தக் கம்பிக்குத் தெரியறது ரெண்டே சென்டிமீட்டர். வண்டி காலின்னு அது நம்புச்சு. பின் பிரேக்கைக் கட்டிப்போட்டு வச்சுது. முன்னாடி ரெண்டு சக்கரம் மட்டும் மொத்த பாரத்தையும் பிடிச்சுப் பிடிச்சுச் சூடேறிச்சு.

எவ்வளவு சூடு? வண்டியும் லோடும் சேர்த்து 2,800 கிலோன்னு வைங்க, சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்கறோம். எம்.ஜி.ஹெச். போட்டா 27 மெகாஜூலுக்கு மேல. 90 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. ஒரு பங்கை என்ஜின் வாங்கிக்கும், மிச்சம் முழுக்க பிரேக்குக்கு. இதில் பிரேக் ஆயிலும் பழசு. அது காத்திலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரகம் புதுசா இருந்தா 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிடுச்சுன்னா தரத்தில் கேட்கிறது 140 டிகிரிதான். கொதிச்சா ஆவி. ஆவியை அழுத்தினா சுருங்கும். அப்பாவோட கால் கீழே கீழே போனது அதனால்தான்.

இதில் ஒண்ணை நேர்மையாச் சொல்லணும். அன்னிக்கு ஃபர்ஸ்ட் கியர் வண்டியைப் பிடிச்சு நிறுத்தினதில் அந்த 4.56 கிரௌனுக்கும் பங்கு உண்டு, இழுக்கிற விசை கூடினா என்ஜின் பிடிக்கிற விசையும் கூடும். ஒரே நோட்டில் போட்ட ரெண்டு கணக்கு. ஒண்ணு எங்களைத் தள்ளிவிடப் பார்த்துச்சு, இன்னொண்ணு பிடிச்சு நிறுத்துச்சு. ரெண்டுமே கணக்கா சரியாத்தான் இருந்துச்சு. நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒரு தப்பு கூட இல்லை. அந்தப் பக்கத்தில் ஸ்பிரிங் இருந்துச்சு, அப்பா இல்லை, மலை இல்லை, பிரேக் இல்லை.

பிறகு எல்லாத்தையும் கழட்டினோம். நீள ஷேக்கிள் பழைய இரும்புக்குப் போச்சு, பினியன் மூக்கு தன் இடத்துக்கு வந்துச்சு, ரீங்காரமும் நின்னுச்சு. தளர்ந்த பழைய பட்டைக்குப் பதில் அதே மாடலுக்கு வர்ற புது செட்டும் மேஸ்திரி சொன்ன ஹெல்பரும். பிரேக் ஆயில் மாத்தி, சர்வீஸ் சென்டரில் அந்தக் கம்பியோட அளவைச் சரியா வைக்கச் சொன்னோம். முதலில் செஞ்சதுக்கும் கழட்டினதுக்கும் சேர்த்து அம்மாவோட சீட்டுப் பணம் காலி, மேல கொஞ்சம் கடன்.

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா எனக்கு யாரும் சொல்லலை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கும் கம்பெனி வடிவத்துக்கும் மாறா வண்டியைத் திருத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே உறுதி பண்ணுச்சு. அன்னிக்கு 31-ஆவது வளைவில் கல் நழுவியிருந்தா, இன்ஷூரன்ஸ்காரங்க முதலில் பார்த்திருக்கப் போறது என் ஷேக்கிளைத்தான். ரீல்ஸில் அது வராது.

உங்களில் யாராவது இந்த லீவில் வீட்டு வண்டிக்கு அடியில் படுக்கப் போறீங்கன்னா, ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி அச்சிலிருந்து மேலே போற ஒவ்வொரு கம்பியையும் குழாயையும் விரலால் தொட்டுக்கிட்டே போங்க. இது எங்கே போகுது, எதை நம்பி இருக்குன்னு பக்கத்தில் இருக்கிற மேஸ்திரியைக் கேளுங்க. கேட்டா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. எங்க மேஸ்திரி இன்னிக்கும் என்னை "இன்ஜினியரு"ன்னு கூப்பிட்டுச் சிரிக்கிறார், அதை மட்டும் தாங்கிக்கணும்.

கழட்டின நாலு 9 மில்லிமீட்டர் பட்டையில் ஒண்ணைக் கொல்லர் பட்டறையில் கொடுத்து கொடுவாள் அடிச்சு வாங்கினார் அப்பா. பலாப்பழம் வெட்ட அதுதான். நல்லா வெட்டுது.

போன மாசம் ஊருக்குப் போனப்போ லோடோட இறங்கினோம். காரவள்ளி வந்ததும் அப்பா வண்டியை ஓரங்கட்டினார். இப்போல்லாம் ஒவ்வொரு டிரிப்பும் அப்படித்தான். அவர் முன்னாடி போய்ப் புறங்கையை வச்சார், நான் பின்னாடி.

"எப்படிடா இருக்கு?"

"சுடுதுப்பா."

"சரி, ஏறு."